கல்கத்தாவுல அன்னை தெரசா இல்லத்துல சேவை செய்யப் போறவங்களுக்கு: விசாவுலேர்ந்து துணி துவைக்கற வரைக்கும்

சர்ச்சுல யாராவது வெளிநாடு போய் ஏழைங்களுக்கு ஊழியம் செஞ்சேன்னு சாட்சி சொன்னா நமக்கும் போகணும்னு தோணும். ஆனா எந்த விசா, எப்ப ஊசி போடணும், எங்க தங்கறது, எவ்ளோ ஆகும்னு கேட்டா "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழி திறப்பார்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நான் ஜெபமும் பண்ணேன், வழியும் திறந்துச்சு, ஆனா ஃபார்மை நான் தான் ரெண்டு தடவ ஃபில் பண்ணேன், தப்பான நாள்ல போய் இறங்குனேன், ராத்திரி பத்தரைக்கு பெட்டியோட தெருவுல நின்னேன். அதெல்லாம் உங்களுக்கு வேணாம்னு தான் இத எழுதறேன்.

நான் மலேசியா பாஸ்போர்ட். போனது 16 நாள், நவம்பர் மாசம், தனியா. இடம் கல்கத்தா, மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி சிஸ்டர்ஸ் நடத்தற இல்லங்கள். இந்தியாவுக்கு வெளியிலேர்ந்து போற தமிழங்களை மனசுல வச்சு எழுதறேன், இந்தியா பாஸ்போர்ட் இருக்கறவங்க விசா பகுதியத் தாண்டிப் போயிடலாம்.

1. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கிழமையப் பாருங்க

இத முதல்ல சொல்றேன், ஏன்னா நான் அதிகமா நஷ்டப்பட்டது இதுல தான். புது வாலண்டியர் பேர் பதியறது எல்லா நாளும் கிடையாது, நான் போனப்ப திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் மூணு மணிக்கு மட்டும் தான். வியாழக்கிழமை வாலண்டியருக்கு லீவு. நான் என்ன பண்ணேன், டிக்கெட் மலிவா இருக்குனு புதன் ராத்திரி போய் இறங்குனேன். அன்னைக்கு பதிவு முடிஞ்சு போச்சு, வியாழன் லீவு, வெள்ளி மூணு மணிக்கு பதிஞ்சேன், சனிக்கிழமை காலைல தான் கைய வச்சேன். 16 நாள்ல வேலை செஞ்சது 11 நாள். இதுவே ஞாயிறு ராத்திரியோ திங்கள் காலைலயோ இறங்குனீங்கனா திங்கள் மத்தியானம் பதிஞ்சு செவ்வாய் காலைல ஆரம்பிச்சிடலாம். போறதுக்கு முன்னாடி இந்த நாள் நேரம் மாறியிருக்கானு ஒரு தடவ கேட்டுக்குங்க.

ஒரு வாரம் பத்தாது. முதல் மூணு நாள் எது எங்க இருக்குனே தெரியாது, நாம தான் அவங்களுக்கு ஒரு வேலை. நாலாவது நாள்லேர்ந்து தான் பிரயோஜனம். ரெண்டு வாரமாவது வைங்க.

மாசம்னு பாத்தா நவம்பர்லேர்ந்து பிப்ரவரி நல்லது. ஏப்ரல் மே வெயில் தாங்காது, ஜூன்லேர்ந்து செப்டம்பர் மழை. துர்கா பூஜை சமயத்துல ஊரே ரோட்டுல இருக்கும், ரூம் விலை ஏறிடும். டிசம்பர்ல உலகத்துல இருக்கற எல்லாரும் சேவை செய்ய வந்துடறாங்க, அதனால வேலைய விட ஆளு அதிகமா இருக்குனு அங்க பல தடவ வந்த ஒரு அம்மா சொன்னாங்க.

2. ஊசி: ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க

ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு ரெண்டும் கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது போட்டுடணும், அப்ப தான் உடம்பு தயாராகும். ஹெபடைட்டிஸ் பி வழக்கமா மூணு ஊசி, முதல் மாசம், அடுத்த மாசம், ஆறாவது மாசம்னு இழுக்கும், சின்ன வயசுல போட்டிருந்தா பழைய கார்டு எங்க இருக்குனு அம்மாகிட்ட கேளுங்க. டெட்டனஸ் போட்டு பத்து வருஷம் ஆச்சானும் பாருங்க. புண்ணு, ரத்தம், எச்சில் எல்லாம் கையில படற இடம், அதனால விசுவாசம் இருக்கு ஊசி எதுக்குனு வீரம் பேச வேணாம். நீங்க படுத்துட்டா உங்கள பாக்க இன்னொரு சிஸ்டர் வேணும்.

டிபி தான் பலரும் மறக்கறது. போறதுக்கு முன்னாடி ஒரு டிபி டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டை பத்திரமா வைங்க, திரும்பி வந்ததும் இன்னொண்ணு எடுக்கணும் (அத கடைசில சொல்றேன்), முன்னாடி எடுத்தது இல்லாட்டி எங்க தொத்துச்சுனே தெரியாது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் சுத்திட்டு இந்தியா போறவங்கனா மஞ்சக் காமாலை இல்ல, யெல்லோ ஃபீவர், அந்த சர்டிஃபிகேட் கேப்பாங்க.

3. விசா

மூணு விஷயம் தெளிவா புரிஞ்சுக்குங்க.

முதல்ல, ஈ-டூரிஸ்ட் விசாவுல குறுகிய கால சேவைக்கு இடம் இருக்கு, ஆனா அதிகபட்சம் ஒரு மாசம், காசோ வேற எந்தக் கைமாறோ வாங்கக் கூடாது. அதுக்கு மேல இருக்கணும்னா வேற வகை விசா, அத இந்தியத் தூதரகத்துல கேளுங்க, டிராவல் ஏஜென்ட்ட கேக்காதீங்க. எனக்கு ஒரு ஏஜென்ட் "ஒரு வருஷ விசா எடுத்துட்டா எவ்ளோ நாள் வேணாலும் சேவை செய்யலாம்"னு அடிச்சு சொன்னாரு. விசா ஒரு வருஷம் செல்லும், சேவை ஒரு மாசம் தான் செல்லும், ரெண்டும் வேற வேற.

ரெண்டாவது, சேவை வேற, பிரசங்கம் வேற. டூரிஸ்ட் விசாவுல போய் கைப்பிரதி குடுக்கறது, தெருவுல ஜெபக்கூட்டம் வைக்கறது, யாரையாவது ஞானஸ்நானத்துக்கு கூப்பிடறது எல்லாம் விசா விதிய மீறற வேலை, அதுக்கு மிஷனரி விசானு தனியாவே ஒண்ணு இருக்கு. ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) வச்சிருக்கற நம்ம ஆளுங்க "எங்களுக்கு விசாவே வேணாமே"னு நினைப்பாங்க, 2021 மார்ச்ல வந்த அறிவிப்புப்படி மிஷனரி வேலைக்கு ஓசிஐ காரங்களும் தனி அனுமதி வாங்கணும். நீங்க மாட்டுனா உங்களோட போகாது, அந்த இல்லத்துக்கும் தலைவலி.

மூணாவது, போலி வெப்சைட். தேடுனா முதல்ல வர்ற நாலஞ்சும் அரசாங்க சைட் மாதிரியே அசோகச் சக்கரமெல்லாம் போட்டு இருக்கும், ரெண்டு மூணு மடங்கு ஃபீஸ் புடுங்கும். உண்மையான சைட் முகவரி 'கவ் டாட் இன்'னு முடியும், அத மட்டும் பாத்துக்குங்க. ஃபீஸ் நாட்டுக்கு நாடு மாறுது, திரும்பக் கிடைக்காது. குறைஞ்சது நாலு நாள் முன்னாடி போடணும், 30 நாள் விசானா கிளம்பற தேதிக்கு 30 நாளுக்குள்ள தான் போட முடியும், ஒரு வருஷ விசாவுக்கு 120 நாள். நான் பத்து நாள் முன்னாடி போட்டேன், நீங்க ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டுடுங்க.

வேணுங்கறது: ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கற பாஸ்போர்ட், ரெண்டு வெத்துப் பக்கம், பாஸ்போர்ட் முதல் பக்கம் பிடிஎஃப்பா (300 கேபிக்குள்ள), வெள்ளை பேக்ரவுண்ட்ல சதுரமா ஒரு ஃபோட்டோ. இந்தியாவுல தெரிஞ்சவர் பேர், முகவரினு ஒரு கட்டம் வரும், யாரும் இல்லைனா தங்கப் போற ஓட்டல் பேரையே போடலாம். அப்பா அம்மா பொறந்த ஊர், தாத்தா பாட்டி பாகிஸ்தானானு கூட கேக்கும், பயப்படாதீங்க எல்லாருக்கும் கேக்கறது தான்.

மலேசியா சிங்கப்பூர் ஆளுங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, நம்ம பேருல அப்பா பேருக்கு முன்னாடி மகன், மகள்னு சொல்ல வர்ற 'ஏ/எல்', 'ஏ/பி', 'எஸ்/ஓ'. ஃபார்ம் அந்த சாய்வுக் கோட்டை ஏத்துக்கல, நான் அத எடுக்கறதுக்கு பதிலா அப்பா பேரையே விட்டுட்டேன், பாஸ்போர்ட்டும் விசாவும் ஒத்துப் போகலனு மறுபடி காசு கட்டி போட்டேன். பாஸ்போர்ட் அடியில ரெண்டு வரி அம்புக்குறியா ஓடும்ல, அதுல பேர் எப்படி இருக்கோ அப்படியே அடிங்க.

அனுமதி வந்ததும் பிரிண்ட் எடுத்து ரெண்டு காப்பி வைங்க. 2025 அக்டோபர்லேர்ந்து ஈ-அரைவல் கார்டுனு ஒண்ணு வந்திருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், அது இலவசம், அதுக்கு காசு கேட்டா அது போலி சைட்.

4. தங்கற இடம்

சிஸ்டர்ஸ் தங்க இடம் தர மாட்டாங்க, நீங்களே பாத்துக்கணும். வாலண்டியர்ல பாதிப் பேர் சடர் ஸ்ட்ரீட் பக்கம் தான் தங்கறாங்க, நியூ மார்க்கெட் பக்கத்துல, அங்கேர்ந்து சிஸ்டர்ஸோட தலைமை இல்லமான மதர் ஹவுஸுக்கு அரை மணிக்குள்ள நடந்துடலாம்.

பொறி எங்கனா, எல்லா லாட்ஜும் வெளிநாட்டு பாஸ்போர்ட்ட ஏத்துக்காது. வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபார்ம்னு ஒண்ண அவங்க ஆன்லைன்ல பதியணும், அந்த ஏற்பாடு இல்லாத இடத்துல கதவத் தொறக்க மாட்டாங்க. நான் ஆப்ல காசு கட்டி புக் பண்ண ஒரு லாட்ஜ்ல என் மூஞ்சியப் பாத்து உள்ளூர்னு நினைச்சு சிரிச்சாங்க, பாஸ்போர்ட்ட நீட்டுனதும் சிரிப்பு போயிடுச்சு. புக் பண்றதுக்கு முன்னாடி "சி ஃபார்ம் போடுவீங்களா"னு மெசேஜ்ல கேட்டு பதில எழுத்துல வாங்கி வைங்க. எனக்குக் கடைசில கிடைச்ச ரூம் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், ஃபேன், சுடுதண்ணி பக்கெட்ல.

5. மொத்தம் எவ்ளோ ஆச்சு

சேவை செய்யறதுக்கு சிஸ்டர்ஸ் ஒரு பைசா வாங்க மாட்டாங்க. "அன்னை தெரசா இல்லத்துல இடம் வாங்கித் தர்றோம்"னு பேக்கேஜ் விக்கறவங்க இருக்காங்க, அந்தக் காசு ஏழைங்களுக்குப் போகாது. தனியாளா போறவங்க முன்கூட்டி இடம் பிடிக்கணும்னே கிடையாது, நேரா போய் பதியறது தான். சர்ச் குரூப்பா பத்து பதினஞ்சு பேர் போறதா இருந்தா மட்டும் முதல்லயே எழுதிக் கேளுங்க, திடுதிப்புனு போய் நிக்காதீங்க.

என் கணக்கு: ரூம் 15 ராத்திரிக்கு 18,000, சாப்பாடு 7,200, பஸ் மெட்ரோ ஆட்டோ 1,600, சிம் கார்டு, செருப்பு, ரெண்டு காட்டன் குர்தா இதர செலவு 2,500. மொத்தம் 29,300 ரூபாய். விமான டிக்கெட், விசா, ஊசி தனி, அது மூணும் சேர்ந்தா இத விட அதிகமாவே வந்துச்சு. சிம் வாங்க பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, ஃபோட்டோ வேணும், வேலை செய்ய ஒரு நாள் ஆகலாம். ஏர்போர்ட்லயே கொஞ்சம் கேஷ் மாத்திக்குங்க.

6. சர்ச்சுல வசூல் பண்ணி எடுத்துட்டுப் போறவங்க நில்லுங்க

எங்க சபையிலயும் ஒரு கவர் குடுத்தாங்க, "அங்க இருக்கற பிள்ளைங்களுக்கு குடுங்க"னு. நல்ல மனசு தான், ஆனா இந்தியாவுல வெளிநாட்டு நன்கொடைக்குனு எஃப்சிஆர்ஏ சட்டம் இருக்கு. வெளிநாட்டுக் குடிமகன் குடுக்கற நன்கொடை, ரூபாயா குடுத்தாலும், வெளிநாட்டு நிதி தான். ஓசிஐ காரங்களும் அதே கணக்கு. அந்தப் பணம் டெல்லியில எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல இருக்கற தனி அக்கவுண்ட் வழியாத் தான் ஒரு அமைப்புக்குள்ள வரணும். இது வெறும் காகித பயம் இல்ல, இதே சிஸ்டர்ஸோட எஃப்சிஆர்ஏ பதிவு 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்கு புதுப்பிக்க மறுக்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் வாரத்துல தான் திரும்பக் கிடைச்சுது. அதனால வார்டுல போய் யார் கையிலயும் கவர திணிக்காதீங்க. குடுக்கணும்னா மதர் ஹவுஸ்ல சிஸ்டர்கிட்ட நேரா கேளுங்க, முறை என்னன்னு அவங்க சொல்வாங்க, ரசீது வாங்கிக்குங்க.

பெட்டி நிறைய மருந்து மாத்திரை, பழைய துணி கொண்டு போறதும் அதே கதை தான், கஸ்டம்ஸ்ல நிறுத்தி கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியாது. பெட்டிய காலியா வைங்க.

7. பதிவு நாள்

பதியற இடம் மதர் ஹவுஸ் இல்ல, சிஸ்டர்ஸோட குழந்தைகள் இல்லமான சிசு பவன். ரெண்டும் ஏஜேசி போஸ் ரோடு தான், மதர் ஹவுஸ் 54ஏ, சிசு பவன் 78, நடக்கற தூரம். மதர் ஹவுஸ் வாசல்ல போய் நின்னு நேரத்த வீணாக்காதீங்க. பாஸ்போர்ட், விசா பிரிண்ட் ரெண்டும் கையில இருக்கணும்.

சிஸ்டர் ஒருத்தர் உக்காந்து பேசுவாங்க, எத்தனை நாள், என்ன படிச்சிருக்கீங்க, எந்த இல்லம்னு. இல்லங்கள் பல இருக்கு: காளிகாட்ல நிர்மல் ஹ்ருதய், அது சாகற நிலையில இருக்கறவங்களுக்கு, 'பிரேம் தான்'ங்கற இல்லம் பெருசு, வயசானவங்க, நோயாளிங்க, 'தயா தான்'ல உடல், மன வளர்ச்சிக் குறைபாடு இருக்கற பிள்ளைங்க, 'சாந்தி தான்'ல பெண்கள். எல்லாரும் காளிகாட் தான் கேக்கறாங்க, நானும் கேட்டேன், எனக்கு 'பிரேம் தான்' இல்லத்த எழுதிக் குடுத்தாங்க. இப்ப யோசிச்சா, சாவப் பக்கத்துல பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை இருந்திருக்கு, அதுக்கும் கருணைக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க எங்க அனுப்பறாங்களோ அங்க போங்க. டாக்டர், நர்ஸா இருந்தா சொல்லுங்க. இல்லைனா காயத்துக்கு கட்டுப் போட, ஊசி போட ஆசைப்படாதீங்க.

கிறிஸ்தவரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, என் கூட மதமே இல்லாத ஸ்பெயின் பசங்க ரெண்டு பேர் இருந்தாங்க.

8. ஒரு நாள் எப்படிப் போகும்

காலைல ஆறு மணிக்கு மதர் ஹவுஸ்ல திருப்பலி, வரணும்னு கட்டாயம் இல்ல. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்து மாதிரி வேற சபை ஆளுங்க வரலாம், உக்காரலாம், ஆனா நற்கருணை வாங்க வரிசையில போகாதீங்க, அது கத்தோலிக்கருக்கு. சேப்பல் பீடத்துக்குப் பக்கத்துல சிலுவையும், ஒட்டி இங்கிலீஷ்ல "தாகமாயிருக்கிறேன்"னு ரெண்டு வார்த்தையும் இருக்கும், அவங்க எல்லா சேப்பல்லயும் அது இருக்கும். ஏழு மணிக்கு அங்கயே ரொட்டி, வாழைப்பழம், டீ குடுப்பாங்க, பசியாறிட்டு குரூப் குரூப்பா பஸ் ஏறிப் போறது.

முதல் நாள் எனக்குக் குடுத்த வேலை துணி. நூத்துக்கணக்கான பேரோட போர்வை, சட்டை, எல்லாம் ராத்திரி நனைஞ்சது, நாத்தம் மூக்கத் துளைக்கும். தொட்டியில போட்டு கால்ல மிதிச்சு, அலசி, ரெண்டு பேர் ரெண்டு முனையப் புடிச்சு முறுக்கிப் புழிஞ்சு, பக்கெட்ல மாடிக்குத் தூக்கிட்டுப் போய் காயப் போடணும். ஒன்பது மணிக்கே முதுகு போச்சு. இதுக்கா நாலு மணி நேரம் பறந்து வந்தேன்னு நினைச்சேன். உண்மையச் சொன்னா ரெண்டாம் நாளும் அப்படித் தான் நினைச்சேன்.

அங்க சம்பளத்துக்கு வேலை செய்யற அம்மாங்க இருப்பாங்க, "மாஷி"னு கூப்பிடணும், பெங்காலியில சித்தி மாதிரி. அவங்க சொல்றது தான் சட்டம். யார தூக்கக் கூடாது, யாருக்கு கஞ்சி மட்டும், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். நான் ஒரு பெரியவருக்கு பாவம்னு பிஸ்கட் குடுத்தேன், மாஷி ஓடி வந்து வாயிலேர்ந்து எடுத்தாங்க, அவருக்கு விழுங்க வராதாம். என்னைத் திட்டுன திட்டு பெங்காலியில இருந்தாலும் நல்லாப் புரிஞ்சுது.

நாலு பெங்காலி வார்த்தை கத்துக்குங்க: 'ஜோல்'னா தண்ணி, 'பேத்தா'னா வலி, 'ஆஸ்தே'னா மெதுவா, 'பாலோ'னா நல்லது. இதுல ஜோல் தான் அதிகமா தேவைப்படும். ஒரு கட்டில்ல இருந்தவரு முதல் ரெண்டு நாளும் என் கையப் புடிச்சு எதையோ சொல்லிட்டே இருந்தாரு, நான் அவரு கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டு இருந்தேன், பெரிய ஆறுதல் குடுக்கறதா நினைப்பு. அவரு கேட்டது தண்ணி.

கொண்டு போக வேண்டியது: பழைய காட்டன் துணி (கையும் முட்டியும் மூடற மாதிரி), நனைஞ்சாலும் வழுக்காத செருப்பு, வெட்டுன நகம், முடி கட்ட ஒரு ரப்பர் பேண்ட். மோதிரம், வாட்ச் வேணாம். ஃபோட்டோ எடுக்கறது கண்டிப்பா கூடாது, ஒண்ணே ஒண்ணுனு ஒளிஞ்சு எடுக்காதீங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்ககிட்ட யாரு பர்மிஷன் கேட்டது.

காலை ஷிஃப்ட் பன்னெண்டு மணி வாக்குல முடியும், சாயந்தரம் விருப்பப்பட்டா இன்னொரு ஷிஃப்ட். முதல் வாரம் காலை மட்டும் செய்யுங்க. நான் ரெண்டும் செஞ்சு அஞ்சாம் நாள் காய்ச்சல்ல படுத்தேன்.

9. தெருவுல கை நீட்டுனா

சடர் ஸ்ட்ரீட்ல ஒரு அம்மா கைக்குழந்தையோட வருவாங்க. காசு வேணாம், குழந்தைக்கு பால் பவுடர் மட்டும் வாங்கிக் குடுங்கனு கேப்பாங்க. நீங்க உருகி அவங்க காட்டற கடையில வாங்கிக் குடுப்பீங்க, நீங்க திரும்புனதும் அந்த டின் அதே கடைக்குத் திரும்பிப் போயிடும், காச ரெண்டு பேரும் பிரிச்சுக்குவாங்க. நான் வாங்கிக் குடுத்தேன், மறுநாள் அதே டின்ன அதே அலமாரியில பாத்தேன், மூடி நசுங்குன இடம் கூட அப்படியே இருந்துச்சு. கோவம் வந்துச்சு, ஆனா அந்த அம்மா ஏழை இல்லனு சொல்ல முடியாதே. அப்புறம் நான் செஞ்சது, பசினு கேட்டா டீக்கடையில உக்கார வச்சு கூடவே சாப்பிடறது. பாதிப் பேர் வர மாட்டாங்க, வந்தவங்ககிட்ட பேச முடிஞ்சுது.

10. கிளம்பறப்பவும் வந்ததுக்கு அப்புறமும்

கட்டில்ல இருக்கறவங்ககிட்ட "மறுபடி வருவேன்"னு சொல்லாதீங்க, டிக்கெட் கையில இல்லாம. கடைசி நாள் காலைல பசியாறுனதும் போறவங்கள நடுவுல நிக்க வச்சு மத்த வாலண்டியருங்க ஒரு பாட்டு பாடுவாங்க, அதுக்கு மட்டும் தயாரா இருங்க, நான் தயாரா இல்ல. செருப்பையும் துணியையும் புதுசா வந்த ஆளுக்கு குடுத்துட்டு வந்தேன், காலியாப் போன பெட்டி காலியாவே வந்துச்சு.

திரும்பி வந்து எட்டுலேர்ந்து பத்து வாரத்துக்குள்ள டிபி டெஸ்ட் எடுங்க. வந்த உடனே எடுத்தா சரியாக் காட்டாது, நான் ரெண்டாவது வாரமே போய் நின்னதுக்கு கிளினிக்ல திருப்பி அனுப்பிட்டாங்க, காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ சாயந்தரக் காய்ச்சலோ இருந்தா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், போய் எங்க போயிட்டு வந்தீங்கனு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. லீவு எழுதறப்ப வந்த மறுநாளையும் சேர்த்து எழுதிடுங்க, நான் ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஆபீஸ் போய் மீட்டிங்ல உக்காந்தேன், ஒரு வார்த்தை காதுல ஏறல.